மாமனார் முளைத்த சுவர்

அந்த வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. படிக்கட்டு முழுக்க ஈரக் குடைகள். குடைகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். உள்ளே என்றால் கூடத்தில் அல்ல, படுக்கையறையில். அடுத்தவன் படுக்கையறைக்குள் கும்பலாகப் புகுந்து, கட்டிலை ஓரம் தள்ளி, கை கட்டி வாய் பொத்தி நின்று சுவரை வெறித்துப் பார்த்தால் மற்ற நாளில் போலீஸைக் கூப்பிடுவார்கள். இப்போது அதற்குப் பெயர் தரிசனம்.

சுவரில் ஒரு முகம் இருந்தது. கறுத்த முகம். கிட்டே போனால் வெறும் புள்ளிகள். தள்ளி நின்றால் நெற்றி, மூக்கு, அடர்ந்த மீசை. பார்ப்பவர் மனசுக்குத் தகுந்தபடி காதும் உண்டு.

"அப்படியே அவர்தான்!" என்றார் மாடி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர். "அந்த மூக்கைப் பாருங்க. உரிச்சு வச்ச மாதிரி இருக்கு."

அவர் அந்த மூக்கை உயிரோடு பார்த்ததே இல்லை. அவர் இந்தக் குடியிருப்புக்கு வந்ததே போன வருஷம். ஆனால் பக்தி என்று வந்துவிட்டால் சாட்சி சொல்ல நேரில் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முகத்துக்குச் சொந்தக்காரர் அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் அப்பா. இறந்து இரண்டு வருஷமாகிறது. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று பஸ்ஸில் எழுதியிருந்ததை வீட்டிலும் கடைப்பிடித்தவர். மகனோடு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அப்பேர்ப்பட்ட மனுஷர் சுவரில் ஏறியதிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை சொற்பொழிவு நடத்தினார்.

அதுதான் மெக்கானிக்கை வீழ்த்தியது. அப்பா ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பேச மாட்டாரா என்று ஏங்கி வளர்ந்தவன் அவன். ஏங்குகிறவனை ஏமாற்றப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை.

இத்தனைக்கும் அவன் விவரம் தெரியாதவன் அல்ல. அவன் தொழிலே குளிரும் ஈரமும்தான். "ஃப்ரிட்ஜ்ல தண்ணி நிக்குது, ரப்பரெல்லாம் கறுப்பா ஆயிடுச்சு" என்று யாராவது கூப்பிட்டால் போதும், கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவான். "பேய் பிசாசு ஒண்ணும் இல்லீங்க. காத்துல எப்பவும் ஈரம் இருக்கும். அது குளிர்ந்த இடத்துல பட்டா தண்ணியா விடும். தண்ணி காயாம நின்னா பூசணம் பிடிக்கும். சோப்புத் தண்ணி போட்டுத் துடைங்க, நல்லாக் காய விடுங்க, தண்ணி வெளிய போற துளையை அடைக்காதீங்க. அவ்வளவுதான்." தூக்கத்தில்கூட இதைச் சொல்வான் என்று அவன் மனைவி சொல்வாள்.

ஊருக்குத்தான் உபதேசம். மழைக்காலம் ஆரம்பிக்கும் முன் அவன் தன் படுக்கையறைக்கு ஒரு வேலை பார்த்திருந்தான். குளிர்காற்று நுழையாமல் இருக்க, பழைய ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை வெட்டி ஜன்னலைச் சுற்றி ஒட்டினான். சுவரில் மேலே இருந்த காற்றுத் துளையை தெர்மாகோல் வைத்து அடைத்து டேப் போட்டான். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டித் தள்ளினான். மொட்டை மாடியில் துணி காயாததால் அறைக்கு நடுவே கொடி கட்டினான். வேலை முடிந்ததும் இடுப்பில் கை வைத்து நின்று, "ஈ எறும்பு நுழைய முடியாது பார்" என்று மனைவியிடம் பெருமைப்பட்டான்.

ஈயும் எறும்பும் நுழையவில்லை. அப்பாதான் நுழைந்தார்.

முதலில் ஒரு சின்னக் கறைதான் வந்தது. மனைவி துணியை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ஏணி கேட்டு வந்த ஸ்டோர் கீப்பர், "ஐயோ, கையை எடும்மா! முகம் தெரியுது!" என்று அலறினார். மறுவாரம் அவரே ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கருநீல அங்கி, கழுத்தளவு வெள்ளை முடி, பேசும்போது பாதி மூடிய கண். சுவர்வாக்கர் என்று சொன்னார்கள். போனவர்கள் சுவரில் எழுதுவதைப் படித்துச் சொல்வாராம். காணிக்கை வாங்க மாட்டாராம். 'தெளிவு நீர்' என்று ஒரு பாட்டில் மட்டும் விற்பாராம். காணிக்கை வாங்காத மகான் என்றதும் ஆளுக்கு மூன்று பாட்டில் வாங்கினார்கள்.

சபை நடக்கும் விதம் இதுதான். ஜன்னலை இறுக்கி மூட வேண்டும். "வெளிக்காத்து பட்டா வந்தவங்க போயிடுவாங்க." பிறகு சுவரடியில் பெரிய பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். "நெடுந்தூரம் வந்தவங்களுக்குத் தாகம் இருக்கும்." கூட்டம் நெருக்கியடித்து நின்று மூச்சு விடும். ஈரச் சட்டைகளிலிருந்து வாடை கிளம்பும். கொஞ்ச நேரத்தில் முகத்தின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து வழியும்.

"அழறார்! மகனைப் பார்த்து அழறார்!"

கூட்டமும் அழும். மெக்கானிக் எல்லாருக்கும் முன்னால் அழுவான். குளிர்ந்த இடத்தில் ஈரக்காற்று பட்டால் தண்ணீர் விடும் என்று பகல் முழுக்க நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தவன், சாயங்காலம் தன் வீட்டுச் சுவரில் தண்ணீர் விட்டதும் மூக்கைச் சிந்தினான்.

பிறகு சுவர்வாக்கர், அப்பா மகனுக்குச் சொல்வதாகக் கொஞ்ச நேரம் சுவரைப் படித்துச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைத் தெளிவு நீரில் நனைத்து முகத்தை வருடுவார். மறுநாள் பார்த்தால் கண்ணுக்கும் உதட்டுக்கும் இடம் வெளுத்து, முகம் முன்பைவிடத் திருத்தமாகத் தெரியும். பாத்திரம் பிடிக்கும் பெரும் பேறு மெக்கானிக்குக்கு. அதில் அவன் நீலச் சட்டைக் கையில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்தன. அதை அவன் பட்டறையில் எல்லாரிடமும் தூக்கிக் காட்டினான். "பாருங்கடா, அருள் தெறிச்சிருக்கு."

மனைவிக்கு இதெல்லாம் கண்ணைக் கரித்தது. அவள் சலவைக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிற துணியில் என்ன கறை என்று பார்த்துப் பிரித்துப் போடுவது அவள் வேலை. முதல் நாளே சொன்னாள், "இது பூசணங்க." அவ்வளவுதான், வீட்டுக்கு வந்த நாத்தனார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள், "எங்கப்பாவைப் பூசணம்னா சொல்ற?" உயிரோடு இருந்தபோது மாமனாருக்கு மருந்து கொடுத்து, கால் பிடித்து, படுக்கை மாற்றிப் போட்டவள் அவள். சுவரில் இருந்த மாமனாரை ஒரு வார்த்தை சொன்னதும் மரியாதை தெரியாத மருமகள் ஆகிவிட்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் சிட்டுவின் இருமலை மூட முடியவில்லை.

சிட்டு அவர்களுடைய மகள். முதல் வகுப்பு. மழை தொடங்கியதிலிருந்து இருமிக்கொண்டே இருந்தாள். மூக்கு ஒழுகியது, கண் சிவந்து அரித்தது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போலச் சத்தம். பள்ளி விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்குப் போனவள் அங்கே ஒரு தடவைகூட இருமவில்லை என்று பெரியம்மா சொன்னாள். திரும்பி வந்த அன்றே மறுபடி ஆரம்பித்தது.

டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல ஈரம் இருக்கா? சுவர்ல பூஞ்சை ஏதாவது?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்றான் மெக்கானிக், கொஞ்சம்கூடக் கூசாமல். அவன் பொய் சொல்லவில்லை. அப்பாவை யாராவது பூஞ்சைக் கணக்கில் சேர்ப்பார்களா?

இருமலைப் பற்றிச் சுவர்வாக்கரிடமும் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம். அவர் கண்ணை மூடி, திறந்து, மறுபடி மூடி, "தாத்தா பேத்தி வழியாப் பேச முயற்சி பண்றார். தொண்டையில வார்த்தை சிக்குது. அதான் இருமல்" என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய சபை வைப்போம். அதுவரைக்கும் குழந்தை சுவர் பக்கம் தலை வச்சுத் தூங்கட்டும். முகத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு நல்லது."

மெக்கானிக் கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட்டான். கட்டிலைத் தள்ளிய அந்தக் கையை நினைத்து அவன் பிறகு பல நாள் கூசினான்.

வெள்ளிக்கிழமை மதியம். சிட்டு தூங்கி எழுந்து உட்கார்ந்தாள். கூப்பிட முடியவில்லை. கழுத்துக்குக் கீழே எலும்புக்கு இடையில் தோல் உள்ளே உள்ளே போய் வந்தது. உதடு வெளுத்திருந்தது. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். மெக்கானிக் பின்னால் ஓடினான்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சுத் திணறல் மெல்ல மெல்லத் தணிந்தது. பழைய டாக்டர்தான். திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை மனைவி முந்திக்கொண்டாள்.

"இருக்கு டாக்டர். சுவர் முழுக்கக் கறுப்பா இருக்கு. இவ தலைமாட்டுலயே இருக்கு."

டாக்டர் மெக்கானிக்கைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இளைப்பு இருக்கற பிள்ளைங்களுக்கு அது ரொம்பக் கெடுதல். அதுலேருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் பறந்துக்கிட்டே இருக்கும். மூச்சோட உள்ள போகும். மருந்து நான் தர்றேன், விடாம கொடுங்க. ஆனா ஈரத்தை நிறுத்தாம மருந்து மட்டும் கொடுத்துக்கிட்டே இருந்தா, ஓட்டை வாளியில தண்ணி ஊத்தற கதைதான்."

சிட்டுவைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். மனைவி படுக்கையறை வாசலிலேயே நின்றாள்.

"உங்களை ஒண்ணு கேட்கறேன். துணியில வந்தா கறை. பழத்துல வந்தா அழுகல். சுவர்ல வந்தா மட்டும் மாமனாரா?"

அவன் உள்ளே போய்ச் சிட்டுவின் தலையணையைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தான்.

"சரி, இன்னொண்ணு கேட்கறேன். ஒரு வீட்டுல உங்களைக் கூப்பிடறாங்க. ஃப்ரிட்ஜுக்குள்ள தண்ணி வழியுது, கறுப்பு கறுப்பாப் பிடிச்சிருக்கு. என்ன சொல்லுவீங்க?"

இருபது வருஷப் பழக்கம் அவனுக்கு முன்னால் முந்திக்கொண்டு பேசியது. "காத்துல எப்பவும் ஈரம் இருக்கும். அது குளிர்ந்த இடத்துல பட்டா தண்ணியா விடும். காயாம நின்னா பூசணம்..."

நிறுத்தினான். ஜன்னல் ரப்பரைப் பார்த்தான். அடைத்த துளையைப் பார்த்தான். கொடியில் தொங்கிய ஈரத் துணிகளைப் பார்த்தான். தானே கட்டிய ஃப்ரிட்ஜுக்குள் தானே நின்றுகொண்டிருந்தான். அதுவும் தண்ணீர் வெளியே போக வழியில்லாத ஃப்ரிட்ஜ். அதற்குள் தன் பிள்ளையையும் வைத்து மூடியிருந்தான்.

பீரோவைப் பிடித்து இழுத்தான். பின்னால் சுவர் முழுக்க, தரையிலிருந்து தோள் உயரத்துக்கு, கறுப்பும் பச்சையும் வெள்ளைப் பஞ்சுமாகப் படர்ந்திருந்தது. வந்தது அப்பா மட்டும் இல்லை. தாத்தா, கொள்ளுத் தாத்தா, அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னு சொல்லுவாங்க" என்றான் அவன். "நான் சொந்த ரப்பர்ல வச்சிருக்கேன். என்னை மெக்கானிக்னு கூப்பிடறவனை முதல்ல உதைக்கணும்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். இந்தத் தடவை சுவரைப் பார்த்து அழவில்லை.

"அந்த ஆள் வரட்டும்" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை சபையை நிறுத்தாதீங்க. கூட்டமும் வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் படிக்கட்டு தாண்டித் தெருவரை நின்றது. பேத்தி வழியாகத் தாத்தா பேசப் போகிறார் என்று ஸ்டோர் கீப்பர் வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். சுவர்வாக்கர் உள்ளே வந்ததும் முதலில் கட்டிலைத்தான் பார்த்தார்.

"குழந்தை எங்க?"

"வந்துடுவா. நீங்க ஆரம்பிங்க" என்றான் மெக்கானிக்.

ஜன்னல் மூடியது. வெந்நீர் வந்தது. சுவர்வாக்கர் கையைத் தூக்கி அழைத்தார். சுவரில் தண்ணீர் கோத்தது. "அழறார்!" என்று கூட்டம் விம்ம ஆரம்பித்தது.

"ஒரு நிமிஷம்" என்ற மெக்கானிக் வெளியே போய், கம்பளியில் சுற்றி வைத்திருந்த ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தான். பட்டறையில் பழுது பார்க்க வந்திருந்த ஃப்ரீசருக்குள் காலையிலிருந்து கிடந்த தட்டு. விளிம்பில் போட்டிருந்த துளையால் அதை அப்பாவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினான்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு மங்கியது. பிறகு துளி துளியாகக் கோத்தது. பிறகு கொட்டியது. அப்பா அழுததைவிட அதிகமாக, தரையில் சொட்டச் சொட்ட அழுதது.

"இது எங்கப்பா இல்லீங்க. தட்டு. இது யாரை நெனச்சு அழுது?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சுவர்வாக்கர் அசரவில்லை. தொழில் தெரிந்தவர். "உலோகத்துக்கும் உணர்வு உண்டு. துக்கம் தொத்திக்கிச்சு" என்றார்.

"இருக்கும், இருக்கும்" என்று ஸ்டோர் கீப்பர் தலையாட்டினார். மனுஷர் கையில் மூன்று பாட்டில் இருந்தது. அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கையை விட்டுவிட முடியுமா?

"கண்ணீர் இருக்கட்டும். கண் எப்படி வந்துச்சு?" என்று மனைவி முன்னால் வந்தாள். "ஐயா, இந்தத் தெளிவு நீர் எதையாவது கெடுக்குமா?"

"புனிதமான நீரும்மா. பட்ட இடமெல்லாம் நன்மைதான்."

"அப்போ உங்களுக்கும் கொஞ்சம் நன்மை வரட்டும்." அவர் கையிலிருந்த துணியை வாங்கி, அவருடைய கருநீல அங்கிக் கையில் ஒரு அழுத்து அழுத்தினாள். "சலவை என் செலவு."

அறை முழுக்க அந்தக் கையையே பார்த்தது. கருநீலம் மெல்லச் செம்மண் நிறமானது. பிறகு வெளுத்தது. ஓரத்தில் ஒரு மூக்கு மாதிரிகூட நீண்டது.

"இது கக்கூஸ் கழுவற ப்ளீச்சிங் தண்ணி. சலவைக் கடையில இதோட வாடை எனக்கு நாள் முழுக்கப் பழக்கம். வேணுங்கற இடத்துல வெளுத்து வெளுத்துத்தான் இவர் முகம் வரைஞ்சிருக்கார்." அவள் அங்கியைக் காட்டினாள். "இதுல யாரோட மாமனார் வந்திருக்கார்னு யாராவது பார்த்துச் சொல்லுங்க!"

மெக்கானிக் தன் நீலச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். "அருள்னு நெனச்சு நான் பட்டறையில காட்டிக்கிட்டு அலைஞ்சது இதைத்தாங்க. எவனாவது சிரிச்சா முறைச்சேன் வேற."

சுவர்வாக்கர் கண்ணை முழுசாகத் திறந்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அவநம்பிக்கை உள்ள இடத்தில் தான் நிற்பதில்லை என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், நிற்கவே இல்லை. பாட்டில் பணத்தைக் கேட்டு நாலு பேர் பின்னால் ஓடினார்கள்.

மீதிப் பேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முகம் இன்னும் சுவரில் இருந்ததே!

"எல்லாரும் கூடத்துக்குப் போங்க. இதைக் கிளப்பினா தூள் பறக்கும்" என்று மெக்கானிக் சொன்னான். ஜன்னல் ரப்பரைக் கிழித்தான். தெர்மாகோலைப் பிடுங்கினான். மழைக்காற்று ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறியது. மூக்கையும் வாயையும் மாஸ்கால் மூடி, கையுறை மாட்டி, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்தான்.

"காய்ஞ்சபடி சுரண்டாதீங்க, நனைச்சுத் துடைங்க" என்று கதவு வழியாக எட்டிப் பார்த்தவர்களிடம் பழக்க தோஷத்தில் பிரசங்கத்தை ஆரம்பித்தான். "மேல பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க, அடியில வளரும். வெளுக்கற தண்ணி நிறத்தைத்தான் எடுக்கும், ஈரம் அப்படியேதான் இருக்கும். குழாய் ஒழுகினா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு கை நுழையற இடம் விடுங்க. ஈரத் துணியை அறைக்குள்ள காயப் போடாதீங்க. சமைக்கறப்பவும் குளிச்சப்புறமும் ஜன்னலைத் திறங்க. இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியுங்க. தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

நெற்றி போயிற்று. கண் போயிற்று. மீசை வந்ததும் கை நின்றுவிட்டது. ஈரமும் ப்ளீச்சிங் தண்ணீரும் சேர்ந்து போட்ட கோலம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் துடைக்க மனசு வரவில்லை. அப்பா பேசியது எதுவும் அப்பா பேசியது இல்லை. இனி பேசவும் போவதில்லை. மனைவி பக்கத்தில் வந்து இன்னொரு துணியை எடுத்து மறு ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். அவனும் துடைத்தான்.

ஸ்டோர் கீப்பருக்கு மனசே ஆறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "அப்போ உங்கப்பா கடைசி வரைக்கும் ஒண்ணுமே சொல்லலையாப்பா?"

மெக்கானிக் மாஸ்கை இறக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"இல்லீங்க. அவர் எப்பவும் போல வாயே திறக்கலை. ஆனா இந்த வீட்டுல ஒருத்தி மழை ஆரம்பிச்ச நாள்லேருந்து சொல்லிக்கிட்டேதான் இருந்தா. இருமி இருமிச் சொன்னா. செத்தவர் என்ன சொல்றார்னு கேட்க இவ்வளவு பேர் கை கட்டி நின்னோமே, உயிரோட இருக்கற குழந்தை என்ன சொல்லுதுன்னு கேட்க நம்மள்ல ஒருத்தருக்காவது தோணுச்சா? முட்டாள் வரிசையில முதல் ஆள் நான்தான், ஒத்துக்கறேன். ரெண்டாவது ஆள் யாருன்னு வீட்டுக்குப் போய் நீங்களே யோசிச்சுப் பாருங்க."